பாதையில் விதைத்த கீரை

எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. இத்தனை வருடத்தில் நான் விவசாயம் செய்தது ஒரே ஒருமுறை. முளைக்கீரை விதைத்தேன். சாப்பிடுவதற்காக விதைத்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கோர்ட்டிலிருந்து வரப்போகும் ஒரு கமிஷனரின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காக விதைத்தேன். (போலீஸ் கமிஷனர் என்று நினைத்து என்னைப் பற்றிப் பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தகராறில் இருக்கும் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதித் தரச் சொல்லி கோர்ட் அனுப்புகிற வக்கீலுக்கும் கமிஷனர் என்றுதான் பெயர்.)

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்த எங்களுக்கெல்லாம் ஒரு ஏக்கம் இருந்தது. குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது. வாசலில் நிற்கும் மாமரம் கம்பெனியுடையது. குழாய், கேட், கேட்டில் தொங்கும் நம்பர் தகடு எல்லாம் கம்பெனியுடையது. சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால்கூட யாரையோ கேட்டுவிட்டு அடிக்க வேண்டுமோ என்று கை தயங்கும். ரிட்டயர் ஆனால் பெட்டி படுக்கையோடு கிளம்ப வேண்டும். எந்த ஊருக்குக் கிளம்புவது என்பதுதான் கேள்வி. நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். அங்கே எங்களுக்கு இருந்த வீட்டை அண்ணன் தம்பிகள் ஏற்கெனவே நான்காகப் பிரித்து, என் பங்குக்கு ஒரு மாட்டுக் கொட்டகையை ஒதுக்கியிருந்தார்கள்.

அதனால் பண்ருட்டி போகும் ரோட்டில், முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கத்தில் முப்பது சென்ட் நிலம் வாங்கினேன். செம்மண். சுற்றிலும் முந்திரித் தோப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் போய், நிலத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பேன். வேறு எந்த வேலையும் எனக்கு அங்கே கிடையாது. நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். என் மனைவி சரோஜா, "நின்னாச்சா?" என்று கேட்பாள். "நின்னாச்சு" என்பேன்.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போது ஒரு தொந்தரவு. நான் நிற்கிற இடம் ஒரு வண்டிப்பாதை. எட்டடி அகலத்தில், ரோட்டிலிருந்து கிளம்பி என் முப்பது சென்டை இரண்டாகப் பிளந்துகொண்டு, பின்னாலிருந்த குப்புசாமியின் முந்திரித் தோப்புக்கும் வீட்டுக்கும் போனது. அவர்கள் வீட்டு மாட்டுவண்டி வந்தால் நான் ஒதுங்கி வழிவிட வேண்டும். என் நிலத்தில் நானே ஒதுங்கி வழிவிடுவது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதை எனக்குத் தெரியாமல் முளைத்ததில்லை. நிலத்தை விற்றவர் வாங்கும்போதே அதைக் காட்டி, "இது அவங்க போற வழிங்க, அது பாட்டுக்கு இருக்கும்" என்று சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து பத்திரத்தை நான்கு முறை படித்ததில், பாதை என்ற வார்த்தையே அதில் இல்லை என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் காரணம்.

நான் டைம் ஆபீசில் கிளார்க். தொழிலாளர்களின் வருகை அட்டையைச் சரிபார்ப்பது என் வேலை. அதோடு ஒரு வாரப் பத்திரிகையில் வந்த சட்டக் கேள்வி பதில் பகுதியை மூன்று வருடம் விடாமல் படித்திருந்தேன். முழு வக்கீலாவதற்கு ஒரு கறுப்புக் கோட்டு மட்டும்தான் குறை என்பது அன்றைக்கு என் அபிப்பிராயம்.

கல்தூண் நட்டு நாலு பக்கமும் முள்கம்பி கட்டினேன். ரோட்டுப் பக்கம் ஒரு கேட்டு, அதற்கு ஒரு பூட்டு. கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போதே குப்புசாமி வந்தார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், இது வண்டி போற வழிங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து போய்கினு இருக்கோம்" என்றார்.

"பத்திரத்துல இருக்கா?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே நான் பிறந்தது போல இருந்தது எனக்கு. அவர், "வழி எதுக்குங்க பத்திரத்துல?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் சிரித்தேன்.

அதன்பின் அவர்கள் வாய்க்கால் வரப்பு வழியாக ஒரு மைல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். வரப்பில் மனிதர் நடக்கலாம், வண்டி நடக்காது. முந்திரிக்கொட்டை மூட்டைகளை ஏற்ற வேண்டிய நாளில் இரண்டு கல்தூண்களைப் பிடுங்கிவிட்டு வண்டியை என் நிலத்தின் வழியாக ஓட்டிப் போனார்கள். போன பிறகு தூண்களைத் திரும்ப நட்டும் வைத்தார்கள். நான் நட்டதைவிட நேராக, உறுதியாக நட்டிருந்தார்கள். அந்த மரியாதைக்குப் பதில் மரியாதையாக நான் கேஸ் போட்டேன்.

கேட்ட பரிகாரம் நிரந்தர உறுத்துக் கட்டளை. அதாவது குப்புசாமியும் அவர் வீட்டாரும் என்றென்றைக்கும் என் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. இங்கிலீஷில் பர்மனென்ட் இன்ஜங்ஷன். குப்புசாமி எட்டு வருடமாக மைன்ஸில் பர்மனென்ட் ஆவதற்குக் காத்திருந்தார். நான் அவரைப் பர்மனென்டாக வெளியே நிறுத்துவதற்குக் காத்திருந்தேன். வழக்கு முடியும் வரைக்கும் இடைக்காலத் தடையும் கிடைத்தது. அன்று சாயங்காலம் வடலூரிலிருந்து அல்வா வாங்கிக்கொண்டு போனேன். சரோஜா அதைத் தொடவில்லை. இனிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் குப்புசாமியின் மனைவி அஞ்சலை எங்கள் குவார்ட்டர்ஸைத் தேடிக்கொண்டு வந்தார். பிளாக் நம்பரை யாரிடம் கேட்டாரோ தெரியாது. ஜன்னல் வழியாக அவரைப் பார்த்ததும் நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். குளிக்கிற சத்தம் கேட்டால் கிளம்பிவிடுவார் என்று எண்ணம். அவர் கிளம்பவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. சரோஜா காப்பி கொடுத்தாள். நான் வாளி வாளியாகத் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டே சுவரில் காதை வைத்துக் கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு பேரு இந்தவாட்டி பர்மனென்ட் லிஸ்டுல வரும்னு சொல்லிகினு இருக்காங்கம்மா. கேசுல பேரு இருந்தா எடுத்துடுவாங்களாமே. சாரு டைம் ஆபீசுல இருக்காராம். அவரு ஒரு வார்த்த எழுதினா போச்சுன்றாங்க."

எனக்கு அப்படி ஒரு அதிகாரமும் கிடையாது. அட்டையில் ஓட்டை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மேல் என் பேனாவுக்கு வேலை இல்லை. சிவில் கேசுக்கும் பர்மனென்ட் லிஸ்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து இந்த இரண்டையும் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். சொல்லவில்லை. பயந்தால் கேஸில் சீக்கிரம் இறங்கி வருவார்கள், பயம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த இடத்தை எப்படிச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து சரோஜா வந்து பாத்ரூம் கதவைத் தட்டினாள்.

"அந்தம்மா போயிட்டாங்க. வெளிய வாங்க, தோல் உரிஞ்சிடப் போவுது."

குப்புசாமி தரப்பும் ஒரு வக்கீலை வைத்துப் பதில் போட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் வண்டி ஓடிய பாதை, வேறு வழி கிடையாது, கமிஷனரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்கள். கோர்ட் ஒப்புக்கொண்டது. கமிஷனர் வரும் தேதி எழுதி எனக்கு நோட்டீஸ் வந்தது. பதினாறு நாள் இருந்தது.

என் வக்கீல் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். அவரிடம் போய் இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டேன். "நாம செய்ய என்ன இருக்கு சார்? கமிஷனர் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை எழுதுவார்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதை ஒரு ரகசிய உத்தரவாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுதுவார்? தெரியாமல் செய்துவிட்டால்?

பதினாறு நாளில் வளரக்கூடியது எது என்று சரோஜாவைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். பொது அறிவுக்கு என்றேன். கீரை என்றாள்.

வடலூரில் விதைக் கடைக்குப் போய் அரைக் கிலோ முளைக்கீரை விதை கேட்டேன். கடைக்காரர் தராசை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "எத்தினி ஏக்கருங்க?" என்று கேட்டார். கொஞ்ச இடம்தான் என்றேன். "கொஞ்ச இடத்துக்கு ஒரு கைப்பிடி போதுங்களே." அடர்த்தியாக வர வேண்டும் என்றேன். அவர் அதற்குமேல் என்னைத் திருத்த முயலவில்லை.

பாதையில் மட்டும் கீரை இருந்தால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தோன்றியது. (குற்றவாளிக்கு மூளை வேலை செய்யும் விதமே தனி.) எனவே பாதைக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்தடிக்கு மண்ணைக் கொத்தி, எல்லாம் சேர்த்து ஒரே கீரைத் தோட்டமாகக் காட்டுவது என்று திட்டம். கூலிக்கு ஆள் வைத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு நானே போனேன்.

பக்கவாட்டில் மண் இளக்கமாக இருந்தது. உற்சாகமாகக் கொத்தினேன். முதல் நாள் முழுக்க அதற்கே போய்விட்டது. கையெல்லாம் கொப்புளம். இரண்டாம் நாள் பாதையில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். டங்கென்று ஒரு சத்தம். சிமெண்டுத் தரையில் அடித்ததுபோல அதிர்வு தோள்பட்டை வரை ஏறியது. நாலாவது வெட்டில் மண்வெட்டிப் பிடி முறிந்தது. பாதையில் ஒரு சிராய்ப்பு மட்டும் விழுந்திருந்தது. முறிந்த மண்வெட்டியைக் கையில் பிடித்துக் குனிந்து, எட்டடி அகலப் பாதையை நாள் முழுக்கச் சுரண்டினேன். அரை அங்குலம் புழுதி வந்தது. அதில் விதையைத் தாராளமாகத் தூவினேன். மிச்சத்தை இரண்டு பக்கமும் தூவினேன்.

நிமிர்ந்து பார்த்தால் கிழக்குப் பக்கக் கம்பிக்கு அந்தண்டை அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"இன்னாங்க சார் வெதைக்கிறீங்க?"

"கீரை."

"இந்த வெயில்லயா?"

சித்திரை மாதம். ஆமாம் என்றேன்.

"தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க?"

"மழை வரும்" என்றேன்.

அஞ்சலை வானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த முறிந்த மண்வெட்டியைப் பார்த்தார். வந்த வழியே போய்விட்டார். நான் சைக்கிள் கேரியரில் கொண்டுவந்திருந்த இரண்டு கேன் தண்ணீரைத் தெளித்தேன். தெளித்த தடம் தெரியாமல் மண் குடித்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆபீசில் ஒருவர் லீவில் போனதால் என் தலையில் இரண்டு பேர் வேலை. அதைவிடப் பெரிய காரணம், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் திரும்ப ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம். தினமும் வானத்தைப் பார்த்தேன். பதினாறு நாளில் ஒரு சொட்டு மழை இல்லை. நிலக்கரித் தூசிதான் வந்தது.

கமிஷனர் வரும் நாள் சரோஜாவும் வருவேன் என்றாள். எதற்கு என்று கேட்டேன். "நம்ம நிலத்துல நான் ஒருநாளாவது நிக்க வேணாமா?" என்றாள். மறுக்க முடியவில்லை. என் வக்கீலின் காரிலேயே போனோம். கமிஷனர் முன்னாலேயே வந்து ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும், கையில் டேப்பும் நோட்டும் வைத்திருந்தார். குப்புசாமியும் அஞ்சலையும் அவர்கள் வக்கீலும் ஒரு முந்திரி மரத்தடியில் தள்ளி நின்றார்கள். தடை உத்தரவு இருந்ததால் கமிஷனர் கூப்பிடாமல் உள்ளே வரக்கூடாது என்று அவர்கள் வக்கீல் சொல்லி வைத்திருந்தார்.

கார் வளைவில் திரும்பும்போதே எனக்குப் பச்சை தெரிந்தது. கண்ணை நம்ப முடியவில்லை. மழையே இல்லாத சித்திரையில் என் நிலத்தில் கீரை செழித்து நின்றது. ஒரு சாண் உயரத்தில், அடர்த்தியாக, இலைக்கு இலை இடைவெளி இல்லாமல். சட்டத்தோடு விவசாயமும் நமக்குக் கைவந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இறங்கிக் கேட்டைத் திறந்தேன்.

திறந்ததும் முழுசாகத் தெரிந்தது.

இரண்டு பக்கமும் கீரை. நடுவில் எட்டடிக்கு ஒன்றுமே இல்லை. சிவப்பாக, மொட்டையாக, ரோட்டிலிருந்து குப்புசாமியின் தோப்பு வரைக்கும் நேர்கோடு. எண்ணெய் தேய்த்துப் படியச் சீவிய தலையில் வகிடு எடுத்தது போல இருந்தது. நான் விதைக்காமல் விட்டிருந்தால், ஒரு வருடமாக வண்டி ஓடாத அந்தப் பாதை புழுதியும் சருகுமாகக் கொஞ்சம் மங்கித்தான் இருந்திருக்கும். கமிஷனர் தேடித்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் அதற்கு இரண்டு பக்கமும் பச்சைக் கரை போட்டு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

கமிஷனர் டேப்பை விரித்து அகலத்தை அளந்தார். நோட்டில் எழுதினார். பிறகு, "கீரை நீங்க போட்டதா சார்?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். "நடுவுல மட்டும் போடலையா?" என்று கேட்டார். நான் குனிந்து ஒரு கீரையைக் கிள்ளினேன்.

மரத்தடியிலிருந்து அஞ்சலை பதில் சொன்னார். என்னைக் காப்பாற்றுகிற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

"சார் நடுவாலயும்தாங்க வெதைச்சாரு. நானும் நடுவுக்குன்னு தனியா ரெண்டு கொடம் சேத்து ஊத்திப் பாத்தேன். அது மட்டும் வரலங்க."

கமிஷனர் திரும்பிப் பார்த்தார். "நீங்க ஊத்தினீங்களா?"

"ஆமாங்க. அவரு டவுன்ஷிப்லேர்ந்து வந்து வெதைச்சிட்டுப் போயிட்டாரு. தண்ணி ஊத்த ஆளு இல்ல. கம்பிக்கு அடியால குனிஞ்சு வந்து காலைலயும் சாயங்காலமும் ஊத்திகினு இருந்தேன்."

அப்போதுதான் அவர் புடவையைக் கவனித்தேன். தோளுக்குப் பின்னால் நீளமாகக் கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. என் முள்கம்பியின் உயரத்துக்கு அந்தக் கிழிசல் சரியாக இருந்தது.

என் வக்கீல் அதுவரை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சும்மா நின்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "இதைப் பதிவு செய்யணும்" என்றார் கமிஷனரிடம். "இடைக்காலத் தடை இருக்கும்போது பிரதிவாதி மனைவி தினமும் ரெண்டு தடவை நிலத்துக்குள்ள நுழைஞ்சிருக்காங்க. அவங்களே ஒப்புக்கிறாங்க. கோர்ட் உத்தரவை மீறின விஷயம் இது."

அவர் அவருடைய வேலையைச் செய்தார். தப்பு சொல்ல முடியாது. ஆனால் குப்புசாமியின் முகம் வெளிறிப்போய்விட்டதைப் பார்த்தேன். அஞ்சலைக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை, ஏதோ தப்பாகிவிட்டது என்பது மட்டும் புரிந்தது. "நடக்கலங்க, தண்ணிதான் ஊத்தினேன்" என்று மெதுவாகச் சொன்னார். குப்புசாமி அவர் கையைப் பிடித்து அமர்த்தினார்.

கமிஷனர் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். வாதி நான். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. கையும் களவுமாகப் பிடிபட்ட பொய்யனாக நின்றுகொண்டிருந்தேன், அப்போதும் என் மூளையின் ஒரு ஓரத்தில் அந்தச் சட்டக் கேள்வி பதில் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. உத்தரவை மீறினால் கேஸ் நமக்குச் சாதகமாகத் திரும்பலாம் என்று அது சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வக்கீல் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு மடித்துப் பையில் வைக்கிற நேரம் இருக்கும்.

சரோஜா முன்னால் வந்தாள்.

"நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்றாள். "அவங்க எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. கீரை காஞ்சுபோவும், கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். சொல்லிட்டுத்தான் வந்திருக்காங்க."

அஞ்சலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் விதையே வாங்கவில்லை. சரோஜா பொய் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்.

கமிஷனர் அவளைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், பிறகு என்னிடம், "அப்படித்தானா சார்?" என்று கேட்டார்.

சரோஜா என் பக்கம் திரும்பவே இல்லை. பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அன்றிலிருந்து அவள் என் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

"ஆமா" என்றேன்.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த இரண்டெழுத்து. அதையும் பின்னாலிருந்து ஆள் தள்ளித்தான் செய்தேன்.

கமிஷனர் அறிக்கை கொடுத்தார். சுருக்கமாக, இங்கிலீஷில் இருந்தது. அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். வாதி விதைத்ததாகச் சொல்லும் கீரை, வண்டிப்பாதை நீங்கலாக மற்ற எல்லா இடத்திலும் நன்றாக வளர்ந்திருக்கிறது. என் வக்கீல் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "விதைக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான் திட்டினார்.

கேஸை ராஜியாக முடித்துக்கொண்டோம். எட்டடிப் பாதை அவர்களுக்கு நிரந்தரமாக உண்டு என்று எழுதிப் பதிவும் செய்தோம். வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். கம்பியைக் கழற்றுகிற அன்று குப்புசாமி இரண்டு ஆட்களோடு வந்து உதவி செய்தார். தூண்களைக் கொண்டுபோய் ஓரமாக அடுக்கினார். ஏதாவது சொல்லுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது, "தூணு நல்ல தூணுங்க சார். வூடு கட்டும்போது உதவும்" என்றார்.

அடுத்த வருடம் அவர் பெயர் பர்மனென்ட் லிஸ்டில் வந்தது. அவருடைய புதிய டோக்கன் நம்பரை ரிஜிஸ்டரில் ஏற்றியது நான்தான். ஜன்னலுக்கு வெளியே நின்று, "உங்க கையால எழுதினீங்க சார், சந்தோஷம்" என்று கும்பிட்டார். நான் அவர் பர்மனென்டை நிறுத்தாமல் விட்டதற்காக நன்றி சொல்லுகிறார் என்று புரிந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். அடுத்த அட்டையை வாங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் அங்கே வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்தன்று அஞ்சலை விடியற்காலையிலேயே வந்து பந்திக்குக் காய் நறுக்கினார். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு பின்கட்டில் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்தாறு வருடமாக நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை அப்போது போய்ச் சொன்னேன். அன்றைக்கு நான் சாப்பிடுவதற்காகக் கீரை விதைக்கவில்லை, உங்கள் வழியை மறைப்பதற்காக விதைத்தேன் என்று.

"அது தெரியுங்க" என்றார் அவர், அண்டாவிலிருந்து கையை எடுக்காமல். "கீரைய யாரு வண்டி போற எடத்துல வெதைப்பாங்க? வெதைக்கும்போதே எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேன்."

"அப்புறம் ஏன் தண்ணி ஊத்தினீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு படித்தவர் இதைக் கேட்கிறாரே என்பது போல.

"மொளைச்சிட்டுதேங்க" என்றார். "கண்ணு முன்னால காயுது. எப்படிப் பாத்துகினு இருக்கறது?"

நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

இந்தக் கதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. சம்பந்தி வீட்டாருக்கு, பேரன் பேத்திகளுக்கு, மாடியில் குடிவந்தவர்களுக்கு, எல்லோருக்கும் சரோஜா சொல்லியிருக்கிறாள். நன்றாகச் சொல்லுவாள். அவள் சொல்லும்போது அரைக் கிலோ விதை இரண்டு கிலோவாகி, இப்போது ஒரு மூட்டையில் வந்து நிற்கிறது. மண்வெட்டி முறியும் இடத்தில் எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள். வகிடு எடுத்த தலைபோல இருந்தது என்பதற்கு என் தலையைத்தான் உதாரணம் காட்டுவாள். பேரப்பிள்ளைகள் என்னைக் கீரைத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்னால் சேர்ந்துகொள்ள முடிவதில்லை. வக்கீல் பாய்ந்து, அஞ்சலை பயந்து, கமிஷனர் பேனாவைத் திறக்கிற இடம். அங்கே சரோஜா குரலைத் தாழ்த்தி, "அப்பதான் உங்க தாத்தா முன்னால வந்து, 'நான்தான் ஊத்தச் சொன்னேன்'னார்" என்று முடிப்பாள். நாற்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் சொல்லி வருகிறாள். கேட்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். முகங்களில் ஒரு மரியாதை இருக்கும். நான் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். இது தப்பு, சொன்னது நீ என்று ஒருமுறைகூட நான் அவளைத் திருத்தியதில்லை.